பூரணம் கொண்டுவந்த தூள்

உதயகலாவை ஊரில் எல்லோரும் கெமிஸ்ற்றி ரீச்சர் என்பார்கள். ஆனால் எந்தப் பாடசாலையிலும் அவள் படிப்பித்ததில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்து முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்தாள். அது வந்தபோது தூரத்து முல்லைத்தீவுக்கு வந்தது. மகள் அப்போது கைக்குழந்தை. கணவன் சுதாகரன் சந்தியில் தண்ணீர்ப் பம்பு திருத்தும் கடை வைத்திருந்தான். கடையை விட்டுவிட்டு அவனால் வர முடியாது, குழந்தையை விட்டுவிட்டு அவளால் போக முடியாது. நியமனம் கைவிட்டுப் போயிற்று. அதற்குப் பிறகு வீட்டு வளவுக்குள் தகரக் கொட்டில் ஒன்று போட்டு உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கத் தொடங்கினாள். மகள் இப்போது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். கொட்டில் அப்படியே இருக்கிறது.

வீடு தெல்லிப்பழையிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. சின்ன வயதில் அந்த ஊரை விட்டு ஓடி, கொடிகாமத்தில் பெரியம்மா வீட்டில் வளர்ந்து, பிடித்துவைத்திருந்த காணியை ஆமி விட்ட பிறகு திரும்பி வந்து கட்டிய வீடு. அந்தக் கதைகளை அவள் பெரிதாக எடுப்பதில்லை. கதைக்கப் பிடித்தது உப்புப் பகுப்பாய்வுதான். சோதனைக் குழாயில் ஒரு துளி விடுகிறோம். கடும் நீலம் வந்தால் செம்பு, இரத்தச் சிவப்பு வந்தால் இரும்பு. நிறத்தைப் பார், பெயரைச் சொல் என்று பிள்ளைகளுக்குச் சொல்வாள். விடைத்தாளில் எவராவது "இருக்கலாம்" என்று எழுதினால் சிவப்புப் பேனையால் வெட்டிவிடுவாள்.

அந்த வருடம் ஊரில் ஒரு பொடியன் கையில் ஊசியோடு பாழ்வளவு ஒன்றில் செத்துக் கிடந்தான். ஐஸ், குடு என்ற சொற்கள் பாலர் வகுப்புப் பிள்ளைகளின் வாயிலும் வரத் தொடங்கின. கனடாவில் இருக்கிற ஊர்ச்சங்கத்தார் சேதி கேட்டுப் பதறி, சனசமூக நிலையத்துக்கு அனுப்பிய பெட்டிக்குள் பந்துகளோடும் துடுப்புகளோடும் சில சின்னக் கண்ணாடிப் போத்தல்களையும் சேர்த்து அனுப்பினார்கள். சந்தேகமான தூள் எதிலாவது இந்தத் திரவத்தில் ஒரு துளி விட்டால் நிறம் மாறும். கூட இருக்கும் நிற அட்டையோடு ஒப்பிட்டால் அது என்ன போதைப்பொருள் என்று வீட்டிலேயே அறியலாம். உள்ளே இருப்பது கடும் அமிலம் என்று தெரிந்ததும் நிலையத்தார் எவரும் அதைத் தொட விரும்பவில்லை. ரீச்சரிடம் கொடுப்போம் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டினார்கள்.

உதயகலா அட்டையை ஊன்றிப் படித்தாள். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் குண்டூசித் தலையளவு தூளைப் போட வேண்டும், ஒரு துளி விட வேண்டும், முதல் வரும் நிறத்தைப் பார்க்க வேண்டும். செம்மஞ்சள் வந்து மண்ணிறக் கபிலமாகப் போனால் ஐஸ். ஊதா வந்தால் ஹெரோயின், ஊர்ச்சொல்லில் குடு. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இன்னும் சில வரிகள் இருந்தன. இந்த நிறம் ஒரு குறிப்பு மட்டுமே, வேறு பொருட்களும் இதே நிறத்தைக் காட்டக்கூடும், ஆய்வுகூடத்தில் உறுதிப்படுத்துக என்று. அவற்றையும் அவள் படித்தாள். பனடோல் மாத்திரைப் பெட்டியிலும்தான் எத்தனையோ எழுதியிருக்கிறது.

தன் கைக்குப் பழக்கம் வர முதலில் சமையலறைப் பொருட்களில் விட்டுப் பார்த்தாள். சீனி மெல்லக் கபிலமாகிக் கறுத்தது. உப்பு நுரைத்துச் சீறியது. பனடோல் அசையவேயில்லை. அவளுக்குத் திருப்தி.

சனம் வரத் தொடங்கியது. பெரும்பாலும் தாய்மார். மகனுடைய காற்சட்டைப் பையில் கிடந்தது, மெத்தைக்குக் கீழே இருந்தது என்று தாளில் சுற்றிக் கொண்டுவருவார்கள். ஒன்று கற்கண்டு. ஒன்று கற்பூரம். ஒன்று சலூனில் முகம் வழித்த பிறகு பூசும் படிகாரம். அந்தத் தாய்மார் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்து ஒழுங்கை அடைக்கலநாதன் கொண்டுவந்த கண்ணாடித் துண்டு போன்ற ஒன்று துளி பட்டதும் செம்மஞ்சளானது. அவர் வீட்டுக்குப் போய் வாய் திறக்க முன்னமே மகன் அழுது ஒப்புக்கொண்டுவிட்டான். அவனை மறுவாழ்வு நிலையம் ஒன்றில் சேர்த்தார்கள். சில மாதத்தில் உடம்பு தேறி வந்து, இப்போது கராஜ் ஒன்றில் வேலை செய்கிறான். ரீச்சர் பார்த்துச் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேர் அதோடு நிலைத்தது. இன்னும் ஓரிரு வீடுகளிலும் அவள் ஐஸ் என்று சொன்னாள். அங்கே எவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் பேருக்குக் குறைவு வரவில்லை.

சுதாகரனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. உது பொலிசுக்காரன் பார்க்கிற வேலை, உனக்கேன் என்று இரண்டொரு முறை சொன்னான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோயிலில் சனம் அவளைக் கண்டால் விலகி வழிவிட்டது. ஒரு நியமனக் கடிதம் செய்திருக்க வேண்டிய வேலையை அந்தச் சின்னப் போத்தல் செய்துகொண்டிருந்தது.

மார்கழி மாதத்தில் ஒரு காலை பூரணம் வந்தாள். இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவள். கணவன் இல்லை, இரண்டு ஆண்பிள்ளைகள். மூத்தவன் மயூரதன் மினிபஸ் ஓட்டுகிறான். இளையவன் பிரகலாதன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். கொழும்பில் கட்டட வேலையில் இருந்தவன், நெருப்புக்காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் கிடந்ததாகச் சொல்லி இரண்டு வருடத்துக்கு முதல் ஊருக்கு வந்துவிட்டான். அவனுக்குக் கொடிகாமத்தில் சம்பந்தம் பேசித் தை மாதத்தில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

பூரணம் கிணற்றடியில் நின்றபடியே பத்திரிகைத் தாள் முடிச்சு ஒன்றை அவிழ்த்தாள். மடிப்புக்குள் வெள்ளையும் மண்ணிறமும் கலந்த கொஞ்சத் தூள். உடுப்புத் தோய்க்கும்போது சேர்ட் பையில் இருந்ததாம்.

"உவன் இப்ப முந்தின மாதிரி இல்லை, ரீச்சர். படுத்தா எழும்பிறானில்லை. நடக்கிறதும் ஒரு மாதிரி மெதுவா. கை நடுங்குது, வாய் காயுது எண்டு தண்ணி குடிச்சபடி. வெயிலுக்கை போகச் சொன்னா மாட்டனெண்டுறான். உது என்னெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

உதயகலா பீங்கான் கோப்பையை எடுத்துவந்து கிணற்றுக் கட்டில் வைத்தாள். தூளில் கொஞ்சத்தைத் தட்டினாள். ஒரு துளி விட்டாள். விட்ட கணமே சிவந்து, சிவப்பு இருண்டு, நல்ல ஊதாவாக வந்து நின்றது. ஓரத்தில் கொஞ்சம் கபிலமும் படர்ந்தது. ஏதோ சீனி கலந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். அட்டையைப் பக்கத்தில் பிடித்தாள். ஒத்துப்போயிற்று. பூரணம் கோப்பையைப் பார்க்காமல் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குடுதான், பூரணமக்கா," என்றாள் உதயகலா.

"நிச்சயமோ?"

"ஓம். நிச்சயம்."

பூரணம் அழவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அன்றைக்கே மயூரதன் தம்பியைப் பிடித்துக்கொண்டான். பிரகலாதன் முதலில் அது மருந்து என்றான். என்ன மருந்து, எந்த டொக்டர் தந்தது என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டான். குடு பாவிக்கிறவன் எவன்தான் அதைக் குடு என்று சொல்லியிருக்கிறான் என்று அண்ணன் கேட்டான். அறையைக் கிளறியதில் அலமாரிக்குப் பின்னால் குளிசை மாத்திரைகள் நிறைந்த தகர ரின் ஒன்று கிடைத்தது. பெயர் எழுதிய கடதாசி உறை ஒன்றுமில்லை. சில குளிசைகள் பிளேட்டால் பாதியாக வெட்டப்பட்டிருந்தன. முழுவதையும் கக்கூசுக்குள் கொட்டித் தண்ணீர் ஊற்றினான். போனையும் மோட்டார் சைக்கிள் திறப்பையும் வாங்கிக்கொண்டு அறைக் கதவைப் பூட்டினான். தாய் யன்னலுக்குள்ளால் சோறு நீட்டினாள்.

சில நாளில் பூரணம் திரும்பவும் உதயகலாவிடம் வந்தாள். மகன் கண் மூடுகிறானில்லையாம். அறைக்குள் மூலைக்கு மூலை நடக்கிறானாம். கூரையில் யாரோ இருந்து தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்கிறானாம். பயமாக இருக்கிறது, கதவைத் திறந்துவிடவா என்று கேட்டாள்.

போதை விட்டவர்களுக்கு நித்திரை வராது, உடம்பு பதறும் என்று உதயகலா போனில் வாசித்திருந்தாள். அதைத்தான் சொன்னாள்.

"உடம்பு அதைக் கேக்குது, அக்கா. கொஞ்ச நாளைக்கு அப்பிடித்தான். நீங்கள் இரங்கிக் கதவைத் திறந்தியளெண்டா எல்லாம் பாழ்."

பூரணம் கேட்டுக்கொண்டு போனாள்.

ஒரு வெள்ளிக்கிழமை தாய் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பிரகலாதன் கதவின் பிணைச்சல்களைக் கழற்றினான். திருகாணி கழற்றுவது அவனுக்குத் தொழில். கதவைப் பக்குவமாகச் சுவரில் சாத்திவைத்துவிட்டு, செருப்பும் இல்லாமல், கடற்கரைக் கேணி இருக்கும் கீரிமலைக்கு நடந்தான். நல்ல வெயில். கேணியில் சனம் குளித்துக்கொண்டிருந்தது; கரையில் ஒரு குடும்பம் பிதிர்க்கடன் செய்துகொண்டிருந்தது. அவன் உடுப்போடு படியிறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் போய் நின்றான். எவர் கூப்பிட்டும் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்குப் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். குடிகாரன் என்று சிலர் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கரையூர்ப் பக்கம் இருந்து வந்திருந்த இரண்டு கடற்றொழில்காரர் நீந்திப் போய்ப் பக்கத்தில் நின்று கதைத்துக் கதைத்து அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தும் முகமும் வெயிலில் வெந்ததுபோலச் சிவந்திருந்தன. அம்புலன்ஸ் வந்தது.

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் அவனைக் கண்டதும் தாதி ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மாதாமாதம் மனநலக் கிளினிக்குக்குத் தவறாமல் வருகிறவன். கொழும்பில் வந்தது நெருப்புக்காய்ச்சல் அல்ல. அங்கே குரல்கள் கேட்கத் தொடங்கி, ஒருநாள் கட்டடத்தின் மேல்தட்டில் ஏறி இறங்க மறுத்து, கூட வேலை செய்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மருந்தோடு குரல்கள் அடங்கின. ஊருக்கு வந்த பிறகு வயர் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளினிக்குக்கு வந்து போயிருக்கிறான். குளிசை உறைகளை வரும் வழியிலேயே கிழித்து எறிந்துவிடுவான். சேர்ட் பையில் கிடந்தது பாதியாக வெட்டிய குளிசை உதிர்ந்த தூள். நித்திரை மயக்கமும் மெதுவான நடையும் கை நடுக்கமும் வெயில் ஒவ்வாமையும் மருந்தால் வந்தவை. அறைக்குள் மூலைக்கு மூலை நடந்தது மருந்து நின்றதால் வந்தது.

இதைச் சொல்லப் பூரணம் வந்தபோது உதயகலா வகுப்பில் நின்றாள். பூரணம் கொட்டிலுக்கு வெளியே மாமரத்தடியில் பிள்ளைகள் எல்லோரும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போகும்வரை காத்து நின்றாள். பிறகு கிட்ட வந்து எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னாள். ஏச்சுப் பேச்சு ஒன்றுமில்லை.

"அது மருந்தாம், ரீச்சர். அவன் சொன்னது மெய்தான்."

அவள் போன பிறகு உதயகலா அவள் சொல்லிப்போன மருந்தின் பெயரைப் போனில் தேடிப் பார்த்தாள். குளோர்புரோமசின். பழைய மருந்து, இப்போதும் சிலருக்குக் கொடுக்கிறார்கள். வெளிநாட்டு ஆய்வுகூட அட்டவணை ஒன்றில் அந்தத் திரவத்துக்கு எந்தெந்தப் பொருள் என்ன நிறம் காட்டும் என்று நிரலாகப் போட்டிருந்தது. ஹெரோயினுக்கு எதிரே எழுதியிருந்த நிறமும் இந்த மருந்துக்கு எதிரே எழுதியிருந்த நிறமும் ஒரே சொற்களில் இருந்தன. கோப்பையின் ஓரத்தில் படர்ந்த கபிலம் குளிசையின் சீனி மேற்பூச்சாக இருக்கலாம்.

முதலில் அவளுக்கு வந்தது ஒரு விதமான ஆறுதல். துளி பிழைக்கவில்லை, ஊதா ஊதாதான். அந்த ஆறுதல் நெடுநேரம் நிற்கவில்லை. போத்தலுக்குள் இருந்தது நிறம் மட்டும். பெயரைச் சொன்னது அவளுடைய வாய். நிச்சயமோ என்று பூரணம் கேட்டாள். அப்போதுகூட வாய் தயங்கவில்லை. கதவைத் திறக்காதே என்றதற்கு அட்டையில் ஒரு எழுத்தும் இல்லை. அது முழுக்க அவளுடைய சொந்தச் சொல்.

சுதாகரனிடம் சொன்னாள். அவன் நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவா என்று மட்டும் கேட்டான்.

பிரகலாதன் கட்டிலில் சாய்ந்திருந்தான். மருந்து திரும்பத் தொடங்கியிருந்ததால் கண்கள் தளர்ந்திருந்தன; ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. தான் சொன்னது பிழை என்றாள் உதயகலா. ஊருக்கும் அதைச் சொல்லப்போவதாகச் சொன்னாள். அவன் கையை மெல்ல உயர்த்தித் தடுத்தான்.

"வேண்டாம், ரீச்சர். அப்பிடியே இருக்கட்டும்."

அவளுக்கு விளங்கவில்லை.

"குடுக்காரன் எண்டா, விட்டிட்டான் எண்டு ஒருநாள் சொல்லலாம். அடைக்கலநாதன் அண்ணையின்ரை மகனை இப்ப ஆர் என்ன சொல்லீனம்? விசரன் எண்டா அதை என்னெண்டு விடுறது?"

பிழையான பெயரையே அவன் தனக்கு வைத்துக்கொள்ளக் கேட்கிறான் என்பது விளங்க அவளுக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நோயைப் பற்றித் தன் வாயால் ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. குடுக்கதை அதற்குள் கொடிகாமத்துக்குப் போய்விட்டது. பெண்ணின் தகப்பன் கனகலிங்கம் கொடிகாமம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர். தெல்லிப்பழைப் பக்கத்து வலிகாமத்திலிருந்து வெங்காயம் ஏற்றிவந்த லொறிக்காரன் ஒருவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பூரணம் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சம்பந்தத்தை முறித்துக்கொண்டார். கல்யாண மண்டபத்துக்கும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெண் ஆரபி தனியாக பஸ் ஏறி உதயகலாவைத் தேடி வந்தாள். கொடிகாமத்தில் பாலர் பாடசாலை ஆசிரியை. மெலிந்த பிள்ளை, குரலும் மெலிவு. வந்த காரியத்தை வளைக்காமல் சொன்னாள். தனக்குள்ள நோயை, அந்த வருத்தத்தைப் பற்றிப் பிரகலாதன் அவளுக்கு முதலே போனில் சொல்லியிருக்கிறான். பெண் பார்த்துவிட்டுப் போன அதே கிழமையிலேயே.

"நான் கனநாள் யோசிச்சுப்போட்டுத்தான் ஓம் எண்டனான். ஆரும் என்னை ஏமாத்தேல்லை. அப்பாவுக்கு இப்ப குடு எண்டு சொல்லியிருக்கினம். அது இல்லை எண்டு சொல்ல உங்களாலை மட்டுந்தான் ஏலும்."

உதயகலா தான் கொடுத்த வாக்கைச் சொன்னாள். குடு இல்லை என்றால் அடுத்த கேள்வி அப்போ என்ன என்றுதான் வரும், அதற்குத் தன்னால் வாய் திறக்க முடியாது என்றாள்.

"என்ன வருத்தமெண்டு நீங்கள் சொல்ல வேண்டாம், ரீச்சர். உங்கடை பிழையை மட்டும் சொல்லுங்கோ. மிச்சம் எங்கடை."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுதாகரனின் மோட்டார் சைக்கிளில் கொடிகாமம் போனார்கள். கனகலிங்கம் முன்விறாந்தையில் கதிரை போட்டுத் தந்தார். தேத்தண்ணி வந்தது. உதயகலா அதைத் தொடாமலே சொன்னாள். தூளைப் பார்த்தவள் தானே என்றும், அது குடு இல்லை என்றும், ஒரு மருந்தும் அதே நிறம் காட்டும் என்பதை அறியாமல் சொல்லிவிட்டதாகவும் சொன்னாள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். "என்ன மருந்து?" என்றார்.

"தெரியும், அண்ணை. ஆனா நான் சொல்லேலாது."

"சொல்லேலாத மருந்தும் இருக்கோ?"

"இருக்கு."

அவர் சந்தையில் ஆயிரம் பேரிடம் விலை பேசிய மனிதர். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"முதல் சொல்லேக்கையும் நிச்சயமாத்தானே சொன்னியள்?"

"ஓம்," என்றாள் உதயகலா. "அதுதான் பிழை."

உள்ளே நின்ற ஆரபி வெளியே வந்து தகப்பனுக்குப் பக்கத்தில் நின்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கொழும்பில் நடந்தது, குரல்கள், கிளினிக், தான் ஓம் என்றது. கனகலிங்கம் மகளைப் பார்க்கவில்லை. முற்றத்தில் கிடந்த வெறும் மரக்கறிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லி முடித்ததும் எழும்பிச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு சந்தைப் பக்கம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை.

தை மாதம் கல்யாணம் நடக்கவில்லை. பங்குனியும் போயிற்று. இதற்கிடையில் பிரகலாதன் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆரபி தகப்பனிடம் சொல்லிவிட்டாள் என்று அறிந்தபோது இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லையாம். பிறகு கதைத்தானாம். மயூரதன் தம்பியிடம் மன்னிப்பு என்று ஒரு சொல் கேட்கவில்லை. கிளினிக் நாட்களில் மினிபஸ்சில் முன் சீற்றைப் பிடித்துவைத்துக் கூட்டிப் போவான், கிளினிக் முடியும்வரை பஸ்சை வெளியில் நிறுத்திவைத்திருப்பான். சனம் ஏசும். ஏசட்டும் என்பான்.

உதயகலா சனசமூக நிலையத்துக் கூட்டத்தில் எழும்பி, ஒரு வீட்டுக்குத் தான் சொன்ன முடிவு பிழை, அது மருந்து என்றாள். எந்த வீடு என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. மருந்து என்றால் என்ன மருந்து என்று பலர் கேட்டார்கள். அவள் மறுத்தாள். பிறகு கூட்டம் வேறு பக்கம் திரும்பியது. அவள் ஐஸ் என்று சொல்லி மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்பப்பட்டிருந்த வேறொரு பொடியனின் தாய் எழும்பினாள்.

"அப்ப என்ரை பிள்ளையின்ரையும் மருந்தாயிருக்குமோ?"

"தெரியாது. இருக்கலாம்," என்றாள் உதயகலா.

கூட்டம் ஆரவாரப்பட்டது. அந்தத் தாய் மறுநாளே போய் மகனைக் கூட்டிவந்துவிட்டாள். அவன் வந்த மாதமே வீட்டு மோட்டரைக் கழற்றி விற்று ஐஸ் வாங்கினான். அதற்கும் உதயகலாவைத்தான் திட்டினார்கள். முதல் சொன்னதற்கும் திட்டு, பிறகு சொன்னதற்கும் திட்டு. இரண்டிலும் நியாயம் இருந்தது என்று அவள் நினைத்தாள். அதற்கு மேல் அதைப் போட்டுக் குழப்பவில்லை. அந்தப் பொடியனை டொக்டர் ஒருவரிடம் காட்டச் சொல்லித் தாயைத் தேடிப் போனாள். தாய் படலையைத் திறக்கவில்லை.

மிஞ்சிய போத்தல்களில் இருந்த திரவம் நாளடைவில் தானாகவே கறுக்கத் தொடங்கியது. பழுதாகிவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் மத்தியானம் கையுறை போட்டு, வாளியில் அப்பச்சோடாக் கரைசல் வைத்து, நுரைக்க நுரைக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அடக்கினாள். நிலையத்தார் ஏன் எங்களைக் கேட்காமல் செய்தாய் என்று குறைப்பட்டார்கள். பிறகு பாமசியில் சிறுநீரில் நனைத்துப் போதை பார்க்கும் பட்டிகள் வந்துவிட்டன. நிலையத்துப் பொருளாளர் வாங்கிவைத்துப் பார்க்கிறார். ஒரு கோடா இரண்டு கோடா என்று அவர் சட்டென்று சொல்லிவிடுவார். இருமல் மருந்து குடித்தாலும் சில வேளை கோடு மாறும், ஆஸ்பத்திரியில் ஒருமுறை உறுதிப்படுத்துங்கள் என்று உதயகலா அவருக்குச் சொல்லிப் பார்த்தாள். சனத்துக்கு அவ்வளவு கதை தேவையில்லை, ரீச்சர் என்றார் அவர்.

அவளிடம் இப்போது எவரும் தூள் கொண்டுவருவதில்லை. எப்போதாவது ஒரு தாய், ஆள் பார்க்காத நேரத்தில், மகனின் போக்கைப் பற்றிச் சொல்ல வருவாள். உதயகலா அவளை இருத்தி முதலில் ஒரு கேள்வி கேட்பாள்: பிள்ளையிடம் கேட்டீர்களா, அவன் என்ன சொன்னான்? பெரும்பாலானவர்கள் கேட்டிருக்கமாட்டார்கள். தேவையென்றால் அவளே கூட ஆஸ்பத்திரிக்குப் போவாள். சிலர் வருவார்கள். பலர் அடுத்த வீட்டுக்குப் போய் ரீச்சருக்கு இப்போது ஒன்றும் தெரியாது என்பார்கள்.

ஆனி மாதத்தில் ஆரபிக்கும் பிரகலாதனுக்கும் பதிவாளர் கந்தோரில் கல்யாண எழுத்து நடந்தது. பூரணம், மயூரதன், ஆரபியின் தாய், உதயகலாவும் சுதாகரனும் வந்திருந்தார்கள். கனகலிங்கம் வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்திருக்க, பதிவாளர் பெயர் கூப்பிடும் நேரம் வந்து கதவடியில் நின்றார். சாட்சிக்குக் கையெழுத்து வைத்தார். மகளின் தலையில் கையை வைத்தார். மருமகனைப் பார்த்து, "மருந்தை விடாதையும், தம்பி," என்றார். சாப்பாட்டுக்கு நிற்கவில்லை.

பிள்ளைகள் இருவரும் கொடிகாமத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள். பிரகலாதனுக்கு அந்தத் தென்மராட்சிப் பக்கம் இப்போது வேலை அதிகம். கூரைக்கு மேலே ஏறும் வேலைகளை விடியப் பார்த்துவிடுவான், வெயில் ஏறினால் உள்வேலை. கிளினிக் நாளில் வரிசையில் ஆரபியும் கூட இருப்பாள். தெரிந்தவர்களைக் கண்டால் முன்பு முகத்தைத் திருப்பியவன், இப்போது தலையசைக்கிறான். ஏன் வந்தாய் என்று கேட்பவர்கள் குறைவு.

போன கிழமை அவன் உதயகலாவின் கொட்டிலுக்குப் புது மின்விசிறி பூட்ட வந்தான். அவள் கூப்பிட்டு வரவில்லை, சுதாகரன் சொல்லியிருக்கிறான். நீளக் கை சேர்ட்டும் தொப்பியுமாக ஏணியில் நின்று வேலை செய்தான். கை இன்னும் கொஞ்சம் நடுங்கியது. ஆனால் ஆணி பிசகவில்லை. அவள் கீழே நின்று வயரைப் பிடித்துக் கொடுத்தாள். நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். வருகிறது, சாப்பிடுகிறேன் என்றான். ஆரபிக்கு வாந்தி, டொக்டர் நல்ல சேதி சொல்லியிருக்கிறார் என்று ஏணியில் நின்றபடியே சொன்னான். பிள்ளைக்கும் இது வருமோ என்று கிளினிக்கில் கேட்டதாகவும், வரலாம், வராமலும் போகலாம், பார்த்துக்கொள்வோம் என்று டொக்டர் சொன்னதாகவும் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் குரல் மாறவில்லை.

விசிறி சுற்றத் தொடங்கியது. அவன் சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு, தேத்தண்ணி போடவா என்று அவள் கேட்டதற்கு, வெயில் ஏற முதல் போக வேண்டும் என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான்.